‘உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா?’ என்று ஆலோசகரிடம் கேட்டது தவறா?

கேள்வி: எனக்கு வயது 33. ஐந்து மாதங்களுக்கு முன்பு, 31 வாரங்கள் சுமந்த குழந்தையை இழந்தேன். காரணம் என்னவென்று டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. கணவர் வற்புறுத்தியதால் ஒரு மனநல ஆலோசகரிடம் மூன்று முறை போயிருக்கிறேன். இளம் பெண். அன்பாகத்தான் பேசுகிறார். மூன்றாவது முறை, ‘உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா?’ என்று கேட்டேன். பதில் சொல்லாமல், ‘இதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது?’ என்று என்னையே திருப்பிக் கேட்டார். முகத்தில் கதவைச் சாத்தியது போல இருந்தது. என் வயிற்றில் நடந்ததையெல்லாம் நான் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? நீங்களும் ஒரு மனநல ஆலோசகர்தானே, இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள்? உங்களிடம் வருபவர்களை எப்படி அணுகுகிறீர்கள்? அடுத்த புதன்கிழமை போவதா, இதோடு நிறுத்திவிடுவதா என்று தெரியவில்லை. பிரசவம் முடிந்த மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் குழந்தையை இழந்ததற்காக மிகவும் வருந்துகிறேன். குழந்தை என்றுதான் சொல்கிறேன். 28 வாரங்களைக் கடந்து உயிரில்லாமல் பிறக்கும் சிசுவை உலக சுகாதார நிறுவனமும் இறந்து பிறந்த குழந்தையாகத்தான் கணக்கிடுகிறது. ‘கரு நிற்கவில்லை, அவ்வளவுதானே’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பிரசவித்தவர். உங்கள் உடம்புக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் மூன்றாம் நாள் பால் வந்தது.

ஆலோசகரிடம் நீங்கள் கேட்டதில் தவறு எதுவும் இல்லை. நானும் ஒரு காலத்தில் ஆலோசனைக்காக இன்னொருவர் முன் போய் உட்கார்ந்தவள்தான். முதல் நாளே அவருடைய மேசையில் குடும்பப் படம் ஏதாவது இருக்கிறதா என்று என் கண் தேடியது. மனத்திற்குள் பூட்டி வைத்திருப்பதை ஒருவரிடம் எடுத்துக் கொடுக்கும் முன் அவர் யார் என்று பார்த்துக்கொள்ளாமல் எப்படி இருக்க முடியும்? எனவே, என்னைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதை எடைபோட அது உங்களுக்கு உதவும்.

எனக்கு ஒன்பது, பத்து வயது இருந்தபோது அம்மாவுக்குக் கடுமையான மனச்சோர்வு. அதற்கு அப்படியொரு பெயர் உண்டு என்பதுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சில நாட்கள் எழுந்து நடமாடுவார். சில நாட்கள் சுவரைப் பார்த்தபடி படுத்தே இருப்பார். பள்ளிவிட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் வாசலிலேயே நின்று காது கொடுப்பேன். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அன்று நல்ல நாள். எதுவுமே கேட்கவில்லை என்றால் புத்தகப் பையை ஓசைப்படாமல் இறக்கி வைப்பேன். அடுத்தவர் மனம் எப்படி இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் பழக்கம் அந்த வாசற்படியில் வந்தது. இந்தத் தொழிலில் அது எனக்குப் பெரிதும் கைகொடுத்திருக்கிறது. கெடுதலும் செய்திருக்கிறது. எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால், உடனே எதையாவது சொல்லி அந்த மௌனத்தைக் கலைத்துவிட வேண்டும் என்ற பதற்றம் பல ஆண்டுகள் என்னை விடவில்லை. மௌனம் என்றால் அம்மா எழுந்திருக்கவில்லை என்று பொருள் என்பதுபோல உள்ளே ஒன்று அடித்துக்கொள்ளும்.

பிறகு உளவியல் படித்தேன். படிப்பு முடியும் நேரத்தில் என் தம்பி குடிநோயால் இறந்தான். அவனுக்கு 29 வயது. பயிற்சிக் காலத்தை அந்தத் துக்கத்தோடுதான் கடந்தேன். இப்போது 17 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

இனி உங்கள் ஆலோசகரின் பதிலுக்கு வருகிறேன். கேள்வியைத் திருப்பிக் கேட்பது அவராகக் கண்டுபிடித்த தந்திரம் என்று நினைக்காதீர்கள். எங்கள் தொழிலில் அது நூறு ஆண்டுகளைத் தாண்டிய பழக்கம். மனத்தின் ஆழத்தைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்ட், 1912இல், அதைச் செய்யும் மருத்துவர் நோயாளிக்கு ஊடுருவிப் பார்க்க முடியாதவராக, தனக்குக் காட்டப்படுவதை மட்டுமே திருப்பிக் காட்டும் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று எழுதினார். இதே ஃபிராய்டின் ஆலோசனை அறை, அவர் ஆசை ஆசையாகச் சேர்த்த பழங்காலச் சிலைகளால் நிறைந்திருந்தது. உள்ளே நுழையும் எவரும் அவருக்கு எதில் ஈடுபாடு என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். தன்னை முழுக்க மறைத்துக்கொண்டு இன்னொரு மனிதர் முன் உட்கார யாராலும் முடியாது என்பதற்கு அந்த அறையே எனக்குப் போதுமான சான்று.

1957இல் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வேறொரு திசையைக் காட்டினார். ஒருவர் மாறுவதற்கு எவையெல்லாம் வேண்டும் என்று பட்டியலிட்டபோது ஆலோசகரிடம் மூன்று குணங்களை எதிர்பார்த்தார்: வந்தவரை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஏற்றுக்கொள்வது, அவருடைய உலகத்தை அவர் இருக்கும் இடத்திலிருந்தே பார்ப்பது, தான் உள்ளே எப்படி இருக்கிறாரோ அதற்கு மாறான முகத்தை மாட்டிக்கொள்ளாமல் இருப்பது. என்னுடைய வேலை இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. மூன்றாவதுதான் மிகக் கடினம். அதை நான் தவறாகப் புரிந்துகொண்டு ஒருவரைக் காயப்படுத்தியிருக்கிறேன். அதை உங்களிடம் சொல்ல வேண்டும்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு. ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி வந்தார். இதை எழுத அவர் அனுமதி தந்திருக்கிறார்; அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய தம்பி குடித்துக் குடித்தே இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. கைக்குட்டையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தபடி பேசினார். ‘அவன் போன அன்று ராத்திரி நான்...’ என்று ஆரம்பித்து நிறுத்தினார். என்னால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. ‘எனக்குப் புரிகிறது. என் தம்பியையும் இப்படித்தான் இழந்தேன்’ என்றேன். என் கண் கலங்கிவிட்டது.

அவர் கைக்குட்டையை மடிப்பதை நிறுத்தினார். முன்னால் குனிந்து, ‘ஐயோ, உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்’ என்றார். அதன் பிறகு இருபது நிமிடங்கள் அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். அன்று அவர் போனபோது, நாங்கள் நெருங்கிவிட்டோம் என்று மனநிறைவோடு இருந்தேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

நான்கு மாதங்கள் கழித்து அவராகவே வந்தார். உட்கார்ந்ததும் சொன்னார்: ‘அன்றைக்கு நான் சொல்ல வந்தது வேறு மேடம். அவன் போன ராத்திரி, பல வருஷத்திற்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் தம்பிக்காக அழுததைப் பார்த்த பிறகு அதை எப்படிச் சொல்வேன்?’

இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தம்பியின் சாவில் நிம்மதி அடைந்தோமே என்ற குற்ற உணர்வைச் சுமந்துகொண்டு, அதை இறக்கி வைக்க ஓர் இடம் தேடி வந்தவரிடம் நான் என் சுமையையும் சேர்த்து ஏற்றி அனுப்பினேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அன்று வந்த கண்ணீரும் உண்மையானதுதான். ஆனால் அது எனக்காக வந்த கண்ணீர்.

நீங்கள் சொன்ன பழமொழியை நான் மறுக்க மாட்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஆனால் தனக்கு வந்ததுதான் தெரியும். அடுத்தவருக்கு வந்தது தெரிந்துவிடாது. என் தம்பியின் சாவு அந்தப் பெண்மணியின் தம்பியின் சாவைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்துவிட்டதாக நான் நினைத்ததால்தான் கேட்பதை நிறுத்தினேன். ஒரே மாதிரியான காயம் பட்டவர்களிடம் எனக்கு இன்றும் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது. குடிநோயாளியின் குடும்பத்தார் வந்தால், அவர்கள் சொல்வதில் பாதியிலேயே ‘அடுத்து இதுதான் நடந்திருக்கும்’ என்று என் மனம் முந்திக்கொண்டு ஓடும். அதை இழுத்துப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. குழந்தை இழப்பைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. அந்தத் துக்கத்தோடு வருபவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் புதிதாகக் கேட்கிறேன். அங்கே எனக்கு அந்த முந்தல் வருவதில்லை.

ஆலோசகரின் உணர்வுகள் குறுக்கே வந்து வேலையைக் கெடுக்கும் என்பதை ஃபிராய்டே 1910இல் கவனித்து எழுதியிருக்கிறார். அதற்கு இன்று எங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு மேற்பார்வை. எங்களைவிட அனுபவம் மிக்க ஒருவரிடம், வருபவரின் பெயரைச் சொல்லாமல், எங்கே தடுமாறினோம் என்பதைத் தவறாமல் எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பெண்மணி திரும்பி வந்து சொன்னதை நான் முதலில் கொண்டுபோனது என் மேற்பார்வையாளரிடம்தான். அவர் என்னைத் திட்டவில்லை. ‘உங்கள் தம்பியைப் பற்றிப் பேச உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டார். இல்லை. நான் மறுபடியும் ஓர் ஆலோசகரைத் தேடிப் போய் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

அதற்காக என்னைப் பற்றி எதையும் சொல்வதே இல்லை என்று முடிவு எடுக்கவில்லை. மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளர் இருக்கிறார். தங்களையே காயப்படுத்திக்கொள்ளும், சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு போராடும் மனிதர்களுக்கென்றே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியவர். அவருடைய தழும்புகளைக் கவனித்த ஒரு நோயாளி, ‘நீங்களும் எங்களில் ஒருவரா?’ என்று கேட்டாராம். 2011இல், தன் 68ஆம் வயதில், 17 வயதில் தான் நோயாளியாகச் சேர்க்கப்பட்ட அதே மருத்துவமனைக்குப் போய், தன் கதையை முதன்முறையாக வெளிப்படையாகச் சொன்னார். அதுவரை பல ஆண்டுகள் அதைச் சொல்லாமலேதான் எத்தனையோ பேருக்கு உதவியிருந்தார். சொன்னதற்குக் காரணம், தன்னைப் போன்றவர்களுக்கு நம்பிக்கை தர வேண்டும் என்பது. காலத்தையும் இடத்தையும் அவர் தேர்ந்தெடுத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அன்று என் அறையில் என் தம்பியின் கதை வெளியே வந்தபோது, அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அது தானாகக் கொட்டியது.

இப்போது யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் எனக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இதைச் சொன்னால் அடுத்த ஐந்து நிமிடம் இந்த அறையில் யாரைப் பற்றிப் பேச்சு நடக்கும்? என் படிப்பு, பயிற்சி, எத்தனை ஆண்டு அனுபவம், எந்த முறையில் வேலை செய்கிறேன், யாரிடம் மேற்பார்வை பெறுகிறேன் என்பதையெல்லாம் கேட்டால் நேரடியாகச் சொல்லிவிடுவேன். அது கேட்பவரின் உரிமை. உங்கள் ஆலோசகரிடமும் நீங்கள் தயங்காமல் கேட்கலாம். சொந்த வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்கு, பெரும்பாலும் ஒரு வரியில் உண்மையைச் சொல்லிவிட்டு, பேச்சை அவரிடமே திருப்புவேன். சொல்ல விருப்பம் இல்லையென்றால், விருப்பம் இல்லை என்பதையே சொல்வேன். நீங்கள் என்னிடம் கேட்டிருந்தால், ‘இருக்கிறாள், ஒரு மகள். அது உங்கள் காதில் எப்படி விழுகிறது?’ என்று கேட்டிருப்பேன். அந்தப் பதில் உங்களைக் குத்தியிருக்கவும் கூடும். அப்படிக் குத்தியிருந்தால், அதைப் பற்றித்தான் அன்று பேசியிருப்போம்.

இந்த அளவுகோலால் பார்த்தால் உங்கள் ஆலோசகர் கேட்ட கேள்வி சரியானதுதான். அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய ஒரு வாக்கியம் வரவில்லை. ‘நீங்கள் கேட்பது நியாயம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவு சாத்தியது போல இருந்திருக்காது. அவர் இளையவர் என்கிறீர்கள். நான் மௌனத்திற்குப் பயந்து அளவுக்கு மீறிக் கொட்டினேன். அவர் கொட்டிவிடுவோமோ என்று பயந்து பயிற்சியில் கற்ற வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவருக்குக் குழந்தை இல்லாமல் இருக்கலாம். அல்லது உங்களைப் போலவே ஓர் இழப்பு அவருக்கும் நேர்ந்து, அதைச் சொன்னால் நீங்கள் அவரைத் தேற்ற ஆரம்பித்துவிடுவீர்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். நமக்குத் தெரியாது.

என் அணுகுமுறையைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. முதல் அமர்வில் ரகசியக் காப்பைப் பற்றிச் சொல்லிவிடுவேன்: இங்கே பேசுவது வெளியே போகாது; உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் அந்த வாக்கு மாறும். ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தாலும் அப்படித்தான். பிறகு, ‘நாம் எதற்காகச் சந்திக்கிறோம்?’ என்பதை இருவரும் சேர்ந்து பேசி ஒரு முடிவுக்கு வருவோம். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையிலான கூட்டுறவை மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, எப்படிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே உள்ள பிணைப்பு. உங்கள் கடிதத்தைப் படித்தபோது முதலாவதே இன்னும் நடக்கவில்லையோ என்று தோன்றியது. கணவர் சொன்னதால் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அங்கே என்ன வேண்டும் என்பதை யாராவது கேட்டார்களா? அழ வேண்டுமா, தூங்க வேண்டுமா, கணவரோடு பேச முடியாததைப் பேச வேண்டுமா? ‘ஒன்றும் வேண்டாம், ஒரு மணி நேரம் யாரும் தேற்றாமல் இருந்தால் போதும்’ என்பதுகூட ஒரு பதில்தான். அப்படிக் கேட்டு வந்தவர்கள் என்னிடம் உண்டு.

மௌனத்தோடு இருக்கக் கற்றுக்கொண்டேன். அது மெதுவாக வந்தது. ஒருவர் பேச்சை நிறுத்தினால் இப்போது என் பாதங்களைத் தரையில் அழுத்திவைத்துக்கொள்கிறேன். அவர் மீண்டும் தொடங்கும்வரை காத்திருக்கிறேன். தொடங்காவிட்டாலும் பாதகமில்லை. 50 நிமிட அமர்வின் கடைசி ஐந்து நிமிடங்களை ஒரே ஒரு கேள்விக்காக ஒதுக்கிவைக்கிறேன்: ‘இன்று நான் சொன்னதில் எதாவது உங்களுக்குச் சரியாகப் படவில்லையா?’ முதல் சில முறை எல்லோரும் ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்பார்கள். நான்காம், ஐந்தாம் முறை உண்மை வரும். அந்தப் பெண்மணியிடம் இதைக் கேட்டிருந்தால் நான்கு மாதங்கள் அவர் தனியாக அதைச் சுமந்திருக்க மாட்டார்.

ஐந்து மாதம் ஆகியும் தேறவில்லையே என்று யாராவது உங்களைக் கேட்டால், இதைச் சொல்லுங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய் வகைப்பாடு, துக்கம் மிக நீண்டுவிட்டது என்று கணிப்பதற்கே குறைந்தது 6 மாதமாவது கடந்திருக்க வேண்டும் என்கிறது. அந்த 6 மாதத்தோடு துக்கம் முடிந்துவிடும் என்றும் அது சொல்லவில்லை. ஆனால் ஒன்று: பல நாட்களாகத் தூக்கமே இல்லை, எழுந்து உடம்பைக் கவனிக்கவே முடியவில்லை, குழந்தை போன இடத்திற்கே போய்விடலாம் போலிருக்கிறது என்பது போன்ற எண்ணங்கள் வந்தால், புதன்கிழமை வரை காத்திருக்காதீர்கள். கணவரிடம் சொல்லி உடனே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்திற்குப் பின் வரும் மனச்சோர்வு குழந்தையை இழந்த தாய்க்கும் வரும். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

இனி புதன்கிழமை. போங்கள் என்றுதான் சொல்வேன், இன்னும் இரண்டு முறையாவது. நடந்ததை அவரிடமே சொல்லுங்கள்: ‘போன முறை நீங்கள் பதில் சொல்லாதது எனக்கு வலித்தது.’ இதைக் கேட்டதும் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தன்னை நியாயப்படுத்திக்கொண்டே போனால், அல்லது உங்கள் வலியையும் உங்களுடைய நோயின் அறிகுறியாக்கினால், வேறு ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அதில் நன்றிகேடு எதுவும் இல்லை. மாறாக, அவர் சற்று நிதானித்து, ‘நான் அதை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம், மன்னியுங்கள்’ என்றால், அவருக்குக் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவரிடம் உங்கள் கதையைத் தரலாம்.

ஏனென்றால், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி இரண்டு வரிகள்தான். கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றை, முகம் தெரியாத எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ‘உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா?’ என்று அவரிடம் கேட்டபோது, பால் கட்டிக்கொண்டால் எப்படி வலிக்கும் என்று இவருக்குத் தெரியுமா, சொன்னால் முகம் சுளிக்காமல் கேட்பாரா என்பதைத்தான் கேட்டீர்களோ என்று தோன்றுகிறது. என் ஊகம் தவறாகவும் இருக்கலாம், தவறென்றால் விட்டுவிடுங்கள். சரியென்றால், அந்த இரண்டு வரிகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வாய்விட்டுச் சொல்ல வரவில்லை என்றால் தாளை அவரிடம் நீட்டுங்கள். அவர் படித்து முடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு மெதுவாகத் திரும்பினால் போதும்.